பன்னிரண்டு மைல்

பாளையங்கோட்டை,
புதன்கிழமை.

பாசமுள்ள ஜோன்ஸ் அண்ணனுக்கு,

ஜாய்சி எழுதுவது. மஸ்கட் துறைமுகத்தில் வெயில் குறைந்ததா? அம்மா இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள். நான் திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்பிவிட்டேன். போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

படகில் கூடப் போகும் ரெக்சனுக்குக் காய்ச்சல் என்று அப்பா தனியாகக் கடலுக்குப் போன அன்று, வயர்லெஸ் செட்டில் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது கபிரியேல் மாமாதான். "கோயிலுக்கு நேர் தெக்க பன்னெண்டு மைலு. இஞ்சின் நின்னுட்டு" என்றாராம் அப்பா. அதன்பின் செட் பேசவில்லை. பலத்த காற்றில் உவரிப் படகுகள் இறங்க முடியவில்லை. மீட்புப் படகை அனுப்பும் அதிகாரி, எத்தனை கிலோமீட்டர் என்று போனில் கேட்டார். மாமா போனை என்னிடம் நீட்டி, "ஏட்டி, நீதான படிச்சவ, பெருக்கிச் சொல்லு" என்றார். ஒன்று புள்ளி ஆறால் பெருக்கி, பத்தொன்பது என்று உடனே சொன்னேன்.

நேற்று நூலகத்தில் ஒரு புவியியல் புத்தகம் பார்த்தேன். சாலை மைல் வேறு, கடல் மைல் வேறு. அட்சரேகையில் ஒரு பாகைத் தூரத்தை அறுபதாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் கடல் மைல். அது ஒன்று புள்ளி எட்டு ஐந்து கிலோமீட்டர். படகிலுள்ள ஜிபிஎஸ் காட்டுவது அதைத்தான். அப்பா இருந்தது இருபத்திரண்டாவது கிலோமீட்டரில். மூன்று கிலோமீட்டர் இப்பாலேயே தேடிவிட்டு, இருட்டியதும் திரும்பிவிட்டார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட் வேகமாம். அன்று நீரோட்டம் இரண்டு நாட் என்று அதிகாரி சொல்லியிருந்தார். விடிவதற்குள் எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, பேனாவை மூடிவிட்டேன். மூன்றாம் நாள் வெறும் படகுதான் கரைக்கு வந்தது.

அப்பா சொன்ன தூரத்தைத் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று ஊரில் பழி மாமா மேல். மீன் ஏலம் போடும் இடத்தில், "காது மந்தமானவனுக்கு செட்டு எதுக்கு வே" என்று சிரித்திருக்கிறார்கள். "பதினஞ்சுன்னு சொல்லிருப்பானோ?" என்று மாமாவே எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். கடலுக்கும் போவதில்லை. திருப்பலி முடிந்து அவர் பக்கத்தில் வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன், அண்ணா.

சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். மாமாவிடம் முதலில் சொல்வேன், பிறகு அம்மாவிடம். அம்மா அழுதுகொண்டு உனக்குப் போன் செய்வாள். என்னை மன்னிக்கும்படி அவளிடம் கேட்காதே. மாமா வீட்டுக்கு ஒரு தடவை போய் வரச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

தண்ணீர் ஓரத்திலேயே வேலை பார்க்கும் உன்னை அந்தோணியார் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
ஜாய்சி