படைக்கும் முன் எடுத்து வைத்தது

2024 அக்டோபர் 29

பாபநாசம் கடைத்தெருவில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு ரோஹிணி அதிரச மாவு பிசைந்து வைத்துவிட்டாளாம். பதினான்கு வருடமாக, சாமிக்குப் படைக்கும் முன்பே எங்கள் பங்கைத் தனியாக எடுத்துவிடுவாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், படைத்ததைத் தொடமாட்டோம் என்று முதல் வருடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அப்புறம் சொல்ல வேண்டியே வரவில்லை.

மருமகள் ஆஷ்லின் இப்போது என்னோடுதான். வயிற்றில் ஆறு மாதம். போன வருடம் ஒன்று கலைந்தது. "அந்த வீட்டுப் பலகாரம் வேணாம் அத்தை. படைச்சதோ படைக்காததோ, அந்த அடுப்புல செஞ்சதுதானே?" என்கிறாள். அவள் போகும் ஜெபவீட்டில் சொன்னார்களாம். வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து சொல்வதும் பாவமாம். நான் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையில் வளர்ந்தவள், எனக்கே பாடம் எடுக்கிறாள்! ஆனால் வயிற்றுப் பிள்ளையை முன்னால் வைத்துப் பேசினால் நான் என்ன செய்வேன்?

அக்டோபர் 31

ரோஹிணி புதுப்புடவையில் தூக்குச்சட்டியோடு வந்தாள். "ஹேப்பி தீபாவளிக்கா! உங்களோடது முன்னாடியே எடுத்து வச்சிட்டேன்."

வழக்கமாக "உனக்கும்மா" என்பேன். ஆஷ்லின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். ரோஹிணி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் கொல்லையில் தென்னையடியில் கொட்டினேன். ஒன்றை மட்டும் வாயில் போட்டுக்கொண்டேன், திருட்டுத்தனமாக. இந்த வயதில் — சீ!

நவம்பர் 2

மழை. காற்றில் ரோஹிணியின் துணி எங்கள் கொல்லையில் விழுந்திருக்கிறது. எடுக்க வந்தவள் தென்னையடியைப் பார்த்துவிட்டாள். அத்தனையும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"வேணாம்னா சொல்லியிருக்கலாமேக்கா. வீடு கூட்டுற அம்மாவுக்காவது குடுத்திருப்பேன்."

மருமகள் மேல் பழி போடவா முடியும்?

டிசம்பர் 3

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. மூச்சில்லை.

டிசம்பர் 5

ஆஷ்லின் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அத்தை, அன்னைக்கு நீங்க அதுல ஒண்ணும் சாப்பிடலையே?"

இல்லை என்றேன்.

ஆண்டவரே, ஒரு அதிரசத்துக்கா? அப்படியெல்லாம் இருக்காது, எனக்குத் தெரியும். தெரியும்தானே? அப்புறம் எதுக்குடி பொய் சொன்னே?

டிசம்பர் 25

ஸ்டார் கட்டவில்லை. ரோஹிணி வரவில்லை. துக்கம் கேட்கக்கூட வரவில்லையே என்று அவள் மேல் கோபம் வருகிறது. எனக்கு வெட்கமே கிடையாது.

2025 ஜனவரி 14

பக்கத்து வாசலில் பொங்கலோ பொங்கல் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரோஹிணி வந்தாள். படி ஏறவில்லை. கையில் பேக்கரி ஸ்வீட் பெட்டி.

"ஹேப்பி பொங்கல்ங்க. கடையில வாங்கினதுதான். சீல்கூடப் பிரிக்கல, பாத்துக்குங்க."

"உனக்கும்மா" என்றேன் அவசரமாக. அதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

ஆஷ்லின் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இத சாப்பிடலாம் அத்தை" என்று பிரித்து, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு எனக்கொன்று நீட்டினாள். குழந்தை போனதிலிருந்து அவள் தானாகக் கையை நீட்டி எடுத்துச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

நானும் வாங்கித் தின்றேன்.