பேதி உப்பு

9-8-1961, புதன்
டாக்டர் நாளைக் காலை இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறார். ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போட வேண்டும். கம்பவுண்டரும் கூடவே. ஞாயிறு வரை ஆஸ்பத்திரியில் நானும் ஆயா கருப்பம்மாளும்தான். "நர்சம்மா இருக்கீகள்ல, பெறகென்ன?" என்கிறாள்.

10-8
ஒரு பிரசவம். சுகம். இப்படியே போனால் பிழைத்தேன்.

11-8, வெள்ளி
பகல் இரண்டு மணிக்கு வள்ளித்தாயை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். மத்தாப்புக் கம்பெனியில் சேர்ந்து நாலே நாள். விடாத வாந்தி, பேதி. காலராதான் என்றார் அவள் புருஷன் ஆண்டிச்சாமி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. காலும் துவண்டு கிடந்தது.

என்ன சாப்பிட்டாய் என்று குனிந்து கேட்டேன். "கஞ்சிக்கு உப்பில்ல... கம்பெனியில சலிச்சு வச்சிருந்த உப்புல ஒரு அள்ளு போட்டேன்."

பச்சை மத்தாப்புக்குச் சேர்க்கும் பேரியம் அது, விஷம். பார்க்கச் சோற்று உப்பு மாதிரியே இருக்கும்.

பயிற்சியில் எழுதிய விஷமுறிவு நோட்டைப் புரட்டினேன். பேரியத்துக்கு, பேதி உப்புக் கரைசல்; விஷத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். என் கையெழுத்துதான். சரியாக எழுதினேனா? பேதியாகிறவளுக்கே பேதி உப்பா? ஆண்டிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்க உசுரையும் எடுக்கப் பாக்கீகளா?"

ஐயோ, எனக்கு மட்டும் தெரியுமா? காலராவா இருந்துட்டா நான் என்ன செய்வேன்?

குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, கரைசலை ஊற்றினேன். கொஞ்சம் என் சேலையில் கொட்டியது. அப்போது மணி மூன்று.

12-8
மூச்சு இருக்கிறது. மத்தியானம் ஒரு விரலை அசைத்தாள். ஆண்டிச்சாமி என்னைக் காவல் காப்பதுபோல் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருக்கிறார். நானும் கட்டிலை விட்டு நகரவில்லை.

13-8, ஞாயிறு
டாக்டர் வந்துவிட்டார். நோட்டைக் காட்டினேன். "சரியாத்தாம்மா செஞ்சிருக்க" என்றார். மருந்தறைக்குள் போய் அழுதேன்.

14-8
வள்ளித்தாய் எழுந்து உட்கார்ந்தாள். ஆண்டிச்சாமி கும்பிட்டார். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம் அவள் கேட்டாள்: "மாரித்தாயக்கா எந்தக் கட்டில்ல இருக்காக?"

எந்த மாரித்தாய்?

"கூட வேல பாக்குறவுக. ரெண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியிலதான கஞ்சி குடிச்சோம்."

டாக்டரிடம் ஓடினேன். அவர் ஊசி முகாமில் எழுதிய நோட்டைத் திறந்தார். இருக்கன்குடியில் டாக்டர் இருக்கிறார் என்று மாரித்தாய் வீட்டார் நேரே அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். மாரித்தாய், மத்தாப்புக் கம்பெனி, காலரா. மரணம், சனி காலை ஆறு மணி.

வெள்ளி மூன்று மணியிலிருந்து சனி ஆறு மணி வரை. காலரா இல்லை, விஷம் என்று சொல்லச் சைக்கிளில் ஒரு ஆளை அனுப்பியிருந்தால் போதும்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். யாரோடு சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை.