மழைமூட்டை குறித்துச் சடைச்சிக்கு மன்னர் விடுத்த ஓலை

மேல்மலைக் கூற்றத்து ஓடைக்கரை ஊரில் தலைவாசல் வீட்டுக்கு உரியவளும், மன்னர் ஆணையால் ஊர் நீங்கி இப்போது ஆற்றுக்கு அக்கரை மருதவாயில் இருப்பவளும், கயிறு திரிப்பதில் அம்மலையில் இணையில்லாதவளுமாகிய சடைச்சிக்கு நலம் உண்டாகுக. அவள் அடுப்பு அணையாதிருக்க, அவள் கூரை ஒழுகாதிருக்க, அவள் காலடி மண் நிலைத்திருக்க.

வெள்ளருவி நாட்டு மன்னர் வளவரையர் சொல்ல, ஓலை எழுதும் பொறையன் எழுதியது. மும்மலை கொண்டான், குடை சாயாதான் என்று தொடங்கி மன்னருக்கு முழ நீளத்துக்குப் பட்டங்கள் உண்டு. வழக்கப்படி அவற்றை எழுதப்போன எழுத்தாணியை மன்னர் கைநீட்டித் தடுத்தார். அவற்றைக் கேட்டால் இப்போது தமக்கே காது கூசுகிறது என்றார். ஆகவே பெயர் மட்டும் எழுதப்பட்டது.

சென்ற வைகாசியில் மன்னர் மேல்மலைக்கு எழுந்தருளியபோது, வீட்டுக்கு வீடு நிலைப்படியின் மேல் ஒரு மூட்டை தொங்கக் கண்டார். மலை சரிந்தாலோ ஓடை பெருகினாலோ எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதற்காக, ஒரு சுருள் கயிறு, வறுத்த தினைமாவு, தீக்கடைகோல், சுக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கம்பளி ஆகியவற்றை மழைக்கு முன்பே கட்டித் தொங்கவிடுவது அம்மலையின் வழக்கம். இதை யாரும் மன்னருக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம்; எழுதினால் பொய். சடைச்சி சொன்னாள். மன்னர்தான் காதில் வாங்கவில்லை. தம் வெண்குடை நிழலில் வாழும் குடிகள் ஓடுவதற்கு மூட்டை கட்டி வைத்திருக்கிறார்களே, கூட வரும் அண்டை நாட்டுத் தூதுவர் என்ன நினைப்பார் என்பதே அவர் கவலை. தூதுவரோ குதிரைமேல் தூங்கிவழிந்துகொண்டிருந்தார். மூட்டைகளை அவிழ்த்து அவ்விடங்களில் பூமாலை தொங்கவிடுக என்று ஆணை பிறந்தது.

ஊரே அவிழ்த்தது. அவிழ்த்த மூட்டைகளை அதிகாரிகள் வண்டியேற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். சடைச்சி மட்டும் அவிழ்க்கவில்லை. அவள் அப்போது சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுத வேண்டும் என்று மன்னர் பணித்திருக்கிறார்: “உங்க குடை பெருசுதான் ராசா, யாரு இல்லேன்னா? மழைதான் மேலேருந்து வருது. மலை காலுக்கடியிலேல்ல பேந்து போவுது! அதுக்குக் குடையை எங்கே சாமி பிடிப்பீங்க?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மன்னருக்குப் பொறுக்காதது அந்தச் சிரிப்புதான். அவள் சொன்னது சரியா தப்பா என்று ஒரு நொடிகூட எண்ணவில்லை. மூன்று நாளில் அவள் கூற்றத்தை விட்டு நீங்கவும், அவள் வீடு மூட்டையோடு பூட்டி முத்திரையிடப்படவும் ஆணையிட்டார். அன்றைய விருந்தில் வயிறார உண்டார் என்பதையும் எழுதச் சொல்கிறார்.

ஆடியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் உச்சிவேளையில் மேட்டுச் சரிவு பெயர்ந்து ஓடையை அடைக்க, ஓடை ஊருக்குள் திரும்பியது. கீழ்த்தெருவார் கூரைமேல் ஏறி நின்று கூவினார்கள். ஊரில் மாடு கட்டும் கயிறு இருந்தது, இற்றுப்போன கயிறும் இருந்தது. ஆள் பாரம் தாங்கும் கயிறு சடைச்சி வீட்டு மூட்டையில் மட்டுமே இருந்தது. அந்தக் கதவில் மன்னரின் குடை முத்திரை. அதை உடைத்தவன் கையை வெட்டுவது சட்டம். அனுமதி கேட்டு வர அதிகாரியின் சாவடிக்கு ஆள் ஓடினான். அவன் திரும்புவதற்குள் இரண்டு கூரைகள் போயின. ஒன்பது பேர்.

அதற்குமேல் கொல்லன் உத்தண்டி பொறுக்கவில்லை. “கை போனாப் போவுது!” என்று கத்திக்கொண்டே முத்திரையை உடைத்தான். சடைச்சி முடிச்சிட்டு வைத்திருந்த கயிற்றால் மீதிப் பதினேழு பேர் கரையேறினார்கள். செய்தி கேட்ட மன்னர் உத்தண்டியை மன்னித்ததாகச் சொல்லியனுப்பினார். அவனை மன்னிக்கத் தாம் யார் என்று அவருக்கு உறைக்க மேலும் சில நாட்கள் ஆயின.

ஐப்பசி மழைக்கு இருபது நாளே இருக்கிறது. மலை இன்னும் பாதி தொங்கிக்கொண்டுதான் நிற்கிறது. கோட்டைக்குக் கொண்டுபோன மூட்டைகள் திருப்பித் தரப்பட்டன. மீண்டும் தொங்கவிடுக என்று பறையறையப்பட்டது. ஒருவரும் தொங்கவிடவில்லை. மன்னரே மலையேறினார். ஆடியில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த கோதை என்பவளிடம், மூட்டை எங்கே அம்மா என்று கேட்டார். அவள் கைகூப்பி, “எங்களுக்கு எதுக்கு சாமி மூட்டை? ராசா குடை இருக்கையிலே நாங்க நனைவோமா?” என்றாள். மன்னர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். மூட்டை தொங்கினால் வீட்டைப் பூட்டுவார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். வெட்கம் பிடுங்கித் தின்ன, பல்லக்கில் ஏறாமல் நடந்தே மலையிறங்கினார்.

ஆகவே கூற்றத்து அதிகாரிகள் அறிக: சடைச்சியின் வீடு இன்றே அவளுடையது. இனி மேல்மலையில் எந்த வீட்டுக் கதவிலும் முத்திரை இடலாகாது. மழைமூட்டையில் கை வைக்க வருபவர் மன்னரே ஆனாலும் அவரை வாசலோடு திருப்பியனுப்புக.

சடைச்சிக்குக் கட்டளை ஏதுமில்லை, வேண்டுதல் உண்டு. மன்னர் சொல்லை அம்மலையில் இப்போது யாரும் நம்புவதில்லை. அவள் தன் வாசலில் மூட்டையைத் தொங்கவிட்டால் ஊரும் தொங்கவிடும். மன்னருக்காக அவள் வர வேண்டாம். கோதைக்கு இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறது. வர மனமில்லை என்றால் அவளை யாரும் வற்புறுத்தலாகாது.

இவ்வோலையில் குடை முத்திரை இல்லை. அதைக் கண்டால் அங்கே கைகள் பின்வாங்குகின்றன. அதற்கு மாறாக, ஆடியில் அறாத அக்கயிற்றின் ஒரு துண்டால் மன்னர் தம் கையாலேயே ஓலையைக் கட்டியிருக்கிறார். ஆள் பாரம் தாங்கும் முடிச்சை உத்தண்டி மூன்று முறை காட்டிக் கொடுத்தும் அவருக்குப் படியவில்லை. அரண்மனை வாசலில் அவர் தொங்கவிட்டிருக்கும் மூட்டையும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. இவ்வோலையின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, திட்டத் தோன்றினால் திட்டி, அத்துண்டைச் சரியாக முடிச்சிட்டுத் திருப்பி அனுப்புக. அதைப் பார்த்து மன்னர் கற்றுக்கொள்வார்.