சத்திரக்காரனுக்கு யார் முகம்

டிசம்பர் 1, திங்கள்

இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு உலக ஓவிய வரலாறு இரண்டாகப் பிளந்தது. சூசைராஜுக்கு முன், சூசைராஜுக்குப் பின். வரலாற்று ஆசிரியர்கள் யாரும் ஆவூர்ப் பக்கம் வராததால் நானே எழுதி வைக்கிறேன்.

அக்கா மகள் இசைவாணி எங்கள் பங்குக் கோயில் இளையோர் வாட்ஸப் குழுவில் ஒரு சவால் ஆரம்பித்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் தினம் ஒரு தலைப்பு, தினம் ஒரு படம். ராத்திரி எட்டு மணிக்குள் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஆட்டத்தில் கிடையாது. இருபத்தைந்து தலைப்பையும் அவளே எழுதிப் போட்டுவிட்டாள். நான் உடனே குரலில் பதில் அனுப்பினேன்: "இருபத்தஞ்சு எந்த மூலைக்கு? ஐநூறு குடுங்க." ஐம்பத்திரண்டு வயசுல இளையோரா என்று ஒருத்தன் கேட்டான். கலைக்கு வயதில்லை, முட்டிக்குத்தான் வயது என்றேன்.

முதல் தலைப்பு நட்சத்திரம். ஐந்து முனை போட உட்கார்ந்தேன், ஆறு வந்துவிட்டது. என் கை தாராளமான கை.

டிசம்பர் 2

கழுதை.

ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். கைரேகை மெஷின் சிக்னல் தேடுகிற நேரம்தான் என் சித்திரக்கூடம். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம், நீலப் பேனா, அவ்வளவுதான் ஆயுதம். எனக்கு ஒரு குறை உண்டு, இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மனசிலிருந்து ஒரு முகத்தை உண்டாக்க எனக்கு வராது. எங்கேயாவது ஒரு ஆளைப் பார்த்து எடுக்க வேண்டும். மூக்கில் ஆரம்பிப்பேன். மூக்கு சரியாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். கழுதைக்கும் அப்படித்தான்.

வரிசையில் முதலில் நின்றவர் ராக்காயியின் புருஷன். பின்னால் நின்ற ராக்காயி தாளை எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர்ல?"

"கழுதை."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 4

கேக். இதற்கு மூக்கே இல்லை. எப்படியோ முடித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இசைவாணியைப் பேசி முடிக்க விராலிமலையிலிருந்து வந்தார்கள். பையன் சந்தோஷ், அவன் அம்மா, அப்பா அருள்தாஸ். அருள்தாஸுக்கு அங்கே மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. ஆள் தேர் மாதிரி. வாசலில் அவர் குனிந்து நுழைந்தபோது வீட்டில் பகல் ஒரு நிமிஷம் இருட்டியது. மச்சான் சவூதியிலிருந்து வீடியோ காலில் தலையாட்டிக்கொண்டிருந்தார். சபையை நடத்தியது தாய்மாமனாகிய நான். ஆவூரின் பெருமைகளை ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னேன். பத்துக்கு மேல் போகாமல் அக்கா கண்ணால் அதட்டினாள்.

எல்லாம் சுமுகம். இசைவாணிக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. காபி கொடுக்கும்போது அவள் கை நடுங்கவில்லை, வாங்கினவன் கைதான் நடுங்கியது. டிசம்பர் 28 அன்று கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பெயர் வாசித்து முடிந்ததும் ஜனவரி கடைசியில் கல்யாணம். பையனுடைய பங்கிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும், அதை அருள்தாஸே வாங்கி வந்து எங்கள் சாமியாரிடம் கொடுப்பதாகச் சொன்னார். அது வந்தால்தான் ஓலை வாசிப்பார்கள். அது ஒன்றுதான் பாக்கி.

நடுவில் அக்கா சொன்னாள்: "பாப்பா திருச்சில ஆஸ்பத்திரி லேப்ல இருக்கா. கல்யாணத்துக்குப் பொறகும் போவா." அருள்தாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் பொறகு பாத்துக்குவோம்" என்றார். அதற்குள் பக்கோடாத் தட்டு வந்துவிட்டது. எனக்கு மணி ஏழு ஆச்சே, இன்னும் மணி வரையவில்லையே என்ற கவலை. இன்றைய தலைப்பும் மணிதான்.

டிசம்பர் 10, புதன்

இந்தத் தேதியைக் கல்வெட்டில் வெட்ட வேண்டும்.

தலைப்பு: சத்திரக்காரன். மாதாவும் சூசையப்பரும் வாசலில் நிற்க, இடமில்லை என்று கதவைச் சாத்துகிற ஆள். காலையிலிருந்து வரிசையில் நின்ற முகம் ஒன்றும் ஒத்து வரவில்லை. எல்லாம் கதவைத் திறந்து விடுகிற முகங்களாக இருந்தன. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு யாருமில்லாமல் உட்கார்ந்தேன். பேனா தானாக ஓடியது. மூக்கு ஒரே இழுப்பு. அப்புறம் புருவம், அப்புறம் உள்ளே மடிந்த உதடு, தாழ்ப்பாளில் ஒரு கை. ஒரு ஆளையும் பார்க்காமல், ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மனசிலிருந்து ஒரு முகம்.

குழுவில் போட்ட பத்து நிமிஷத்தில் நாற்பத்தேழு இதயம். இன்றைக்கு என்னைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஓவியம் வந்திருக்கும்.

டிசம்பர் 11

காலை ஆறரைக்கு அக்கா போன்.

"டேய் சூச. ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"என்னக்கா?"

"அது அருள்தாஸ்டா."

படத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். மூக்கு அவர் மூக்கு. புருவம் அவர் புருவம். அவர் வழுக்கையில் இருக்கிற தழும்பைக்கூட விடவில்லை பாவிக் கை. மூன்று நாளாக உள்ளேயே வைத்திருந்து கதவைச் சாத்துகிறவனுக்கு எடுத்து மாட்டியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லையே. சத்தியமா எனக்குத் தெரியாது. இத யாரு நம்புவா? நான் வாயத் தொறந்தா பொய்யின்னு ஊருக்கே தெரியும்.

குழுவிலிருந்து அழிக்கப் போனால் அதற்குள் பதினோரு பேர் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். அதைவிடக் கொடுமை: இசைவாணி தினமும் என் படத்தைச் சந்தோஷுக்கு அனுப்புவாளாம், மாமா பெருமை பேச. நேற்றும் பஸ்ஸில் வரும்போது சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

இன்றைய தலைப்பு ஆட்டுக்குட்டி. போட்டேன். கோடெல்லாம் நடுங்கியது. ஆட்டுக்குட்டிக்குக் குளிர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 12

விராலிமலையிலிருந்து போன் இல்லை.

டிசம்பர் 13

இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

தலைப்பு: சம்மனசு, தேவதூதன்தான். பறக்கிற சம்மனசைப் பின்பக்கமாக வரைந்தேன். சிறகு, கூந்தல், பாதம். இனி யார் முகத்தையும் நான் தொடுவதாக இல்லை. தொட்டால் இன்னும் எந்தக் கல்யாணம் நிற்குமோ.

பூசையில் மனசு ஒட்டவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு.

டிசம்பர் 16, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு விராலிமலைக்குப் பஸ் ஏறினேன். நேரே போய்க் காலில் விழுவது என்று திட்டம். ஹார்டுவேர் கடைக்கு எதிரே டீக்கடை. தைரியத்துக்கு ஒரு டீ. அவர் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது டீ. ஒரு ஆளிடம் சிரித்தார். சிரிக்கும்போது நல்ல முகமாகத்தான் இருக்கிறது, அதை ஏன் இந்தக் கை எடுக்கவில்லை? மூன்றாவது டீ. அப்போது அவர் ரோட்டைப் பார்த்தார். நான் டீக்கடை பெஞ்சுக்குப் பின்னால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து, குனிந்தபடியே போய் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மலைமேல் இருந்த மயில்கூட என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 17

மூன்று ராஜாக்கள். மூன்று முதுகு, மூன்று கிரீடம். குழுவில் கேள்வி: "சூச மாமா, ராஜாங்க வாராங்களா போறாங்களா?" போறாங்க என்று பதில் போட்டேன்.

டிசம்பர் 20, சனி

இசைவாணி டியூட்டி முடிந்து நேரே ரேஷன் கடைக்கு வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"ஏன் மாமா ஒரு வாரமா எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டே நிக்கிறாங்க?"

"புதுப் பாணி."

"பயம்னு சொல்லுங்க."

நான் மெஷினைத் துடைத்தேன். அவள் போனில் சத்திரக்காரனைத் திறந்தாள். இரண்டு விரலால் இழுத்து உதட்டை மட்டும் பெரிதாக்கினாள்.

"இத நானும் பாத்தேன் மாமா. அம்மா என் வேலையப் பத்திச் சொன்னப்ப இப்படித்தான் உள்ள மடிச்சாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

அப்புறம் வேறொன்றைக் காட்டினாள். ராஜினாமாக் கடிதம். எட்டாம் தேதி போட்டிருந்தது. பேசி முடித்த மறுநாளே சந்தோஷ் கேட்டிருக்கிறான், அப்பா மனசு கோணாம கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரேன் என்று. இவளும் சரி என்று டைப் அடித்துவிட்டாள். அக்காவுக்குக்கூடத் தெரியாது.

"தெனம் பஸ்ல இத அனுப்பிரலாம்னு எடுப்பேன். ஒங்க படமும் கண்ணுல படும். மூடி வச்சிருவேன்."

"படத்த எடுத்துரவா பாப்பா? எல்லார்கிட்டயும் சொல்லி அழிக்கச் சொல்றேன்."

"எடுத்தீங்க, ஒங்ககூடப் பேச மாட்டேன். சந்தோஷ்கிட்ட இன்னைக்குச் சொல்லிட்டேன், வேலைய விட மாட்டேன்னு. அவங்கப்பாகிட்ட அவரே பேசட்டும்."

"பேசுவானா?"

அவள் பையைத் தோளில் சரிசெய்தாள். "தெரியல மாமா." முதல் தடவையாக அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருக்கிறது. பிடிக்காத சம்பந்தமாக இருந்தால் நான் இன்னும் நாலு படம் போட்டிருப்பேன்.

டிசம்பர் 22

சொல்லக் கூடாது என்று நினைத்தேன், எழுதுகிறேன். பரிகாரமாக ஒரு படம் போட முயன்றேன். அருள்தாஸ் ராஜாவாக, பட்டும் பொன்னுமாக, பெட்டியைத் திறந்து நீட்டுகிற கோலத்தில். போட்டால் மனுஷன் குளிர்ந்துவிடுவார், கடிதம் வந்துவிடும். நாலு தாள் வரைந்தேன். கிரீடம் வந்தது, அங்கி வந்தது, யானை அளவுக்கு ஒரு ஒட்டகம் வந்தது. உதடு மட்டும் நாலு தடவையும் உள்ளேயே மடிந்தது. வாயால் நான் சொல்லாத பொய் இந்தத் தாலுகாவில் கிடையாது. கையால் ஒன்று சொல்ல முடியவில்லை. நாலையும் கிழித்தேன்.

போட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தியைப் போட்டு ஒப்பேற்றினேன்.

டிசம்பர் 24, புதன்

கடிதம் வரவில்லை. சாமியார் கிறிஸ்துமஸ் குடில் பக்கம் என்னைப் பார்த்து, "விராலிமலைப் பேப்பர் என்னாச்சு சூசை? ஞாயித்துக்கிழமை வாசிக்கணும்ல" என்றார். வரும் சாமி என்றேன்.

அக்கா வீட்டில் முறுக்கு மாவு பிசைந்தபடி கிடக்கிறது, சுட ஆளில்லை. "எம் மக கல்யாணத்த ஒரு பேனாவால நிறுத்திட்டியேடா" என்றாள். இசைவாணி அடுப்படியிலிருந்து, "மாமா நிறுத்தலம்மா" என்றாள். என்னிடம் பேச்சில்லாமல் போன நாள் ஞானஸ்நானத்துக்குப் பிறகு இதுவாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 25

குழந்தை. முகத்தோடு வரைந்தேன். இருபத்தைந்தும் முடிந்தது. யாரிடமும் பீற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

ஓலை வாசிக்கவில்லை. அறிவிப்புகள் முடிந்து சாமியார் தாளை மடித்தபோது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

பூசை முடிந்து குடிலண்டை வந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் அருள்தாஸ். தனியாக. ஓடலாம் என்றால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் குடில் ஒட்டகம்.

"சூசை தம்பி. ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. நான் அப்படியா இருக்கேன்?"

நாக்கு நுனியில் நூறு பொய் வரிசை கட்டி நின்றது. நீங்க கர்ணப் பிரபுல்ல, அது வேற ஆளுண்ணே, எங்க ஊர்ல ஒருத்தன் அச்சு அசலா ஒங்கள மாதிரியே...

"அன்னைக்கு டம்ளர வச்சப்ப அப்படித்தான் இருந்தீங்கண்ணே."

சொன்னதும் எனக்கே பயம் வந்தது. அவர் குடிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டம்மா அந்தப் படத்தப் பிரிண்ட் போட்டு பிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கு. ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. தண்ணி குடிக்கப் போனா நான், மாவு எடுக்கப் போனா நான். கிழிடின்னேன். கிழிக்கல. சந்தோஷ் பய வேற நேத்து என் எதுக்க நின்னு, அவ வேலைக்குப் போவாப்பான்னுட்டான். இதுவரைக்கும் என்னைய எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல."

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"அதுவும் டீச்சர் வேல பாத்த பொம்பளதான். எங்க வீட்டம்மாவச் சொல்றேன். வேணாம்னு நாந்தான் சொன்னேன். முப்பத்தோரு வருசம் வாயத் தொறக்கல. இப்ப ஒட்டி வச்சிருக்கு." மூக்கைத் தடவிக்கொண்டார். "பாப்பா வீட்டுல இருக்கா?"

"இருக்கா."

அங்கிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன், உள்ளே போகவில்லை. தாய்மாமன், சபையை நடத்துகிறவன், கொடிக்கம்பியில் காய்ந்த துணிக்குப் பின்னால் நின்றேன். அவர் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. இசைவாணி குரல் கேட்டது. அப்புறம் அக்கா அழுகிற மாதிரி ஒரு சத்தம், அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று இத்தனை வருஷத்தில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்ததில்லை.

வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கவரை எடுத்து நீவிக்கொண்டே சாமியார் பங்களாவைப் பார்த்து நடந்தார்.

அது எந்தக் கவர்? வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற கவராக இருந்தால்? உள்ளே போய்க் கேட்கலாம். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். இசைவாணி கோயிலில் இல்லை. அவளுக்குக் காலை டியூட்டி.