கழுவிவிட்டு வந்த பன்னிரண்டு கால்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

2026 ஏப்ரல் 2, பெரிய வியாழன், கால் கழுவும் சடங்கு, மாலை ஆறு நாற்பது. பலிபீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு வலது கால். நேரலைக் கேமரா வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூட அழுக்கு இல்லை.

எப்படி இருக்கும்? எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தவர்கள். அது போதாதென்று, கோயில் வேலையெல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை அண்ணன் வாசலில் வாளியோடு நின்றார். "கழுவிட்டு உள்ள போங்க, சாமி தொடுற காலுல்ல." ஃபாதர் ஊற்றிய தண்ணீர் தட்டில் விழுந்த பிறகும் தெளிவாகவே இருந்தது. அதில் ரசம் வைக்கலாம். அதற்கு முன்னால் தாழ்மையைப் பற்றி இருபது நிமிடம் பிரசங்கம் வேறு.

அன்று இயேசு தம் சீடர்களுக்குக் கழுவியது என்ன கால் அப்பா? நாளெல்லாம் தெருவில் நடந்து புழுதி அப்பிய கால். வேலைக்காரன் செய்ய வேண்டியதை அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தார். நாம் அந்த அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறோம். அழுக்கு போய்விட்டால் அந்த நாளில் மிச்சம் என்ன?

பூசை முடிந்து வயரைச் சுற்றும்போது கோயில்பிள்ளை அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, சாமி இன்னைக்கு என்னத்தக் கழுவுனாரு?"

"அது ஒரு அடையாளம்டா மாப்ள."

"எதுக்கு அடையாளம்?"

"படிச்சவன்ல, நீயே சொல்லு." சிரித்தார். "போன வருசம் ஒங்கப்பா கால்ல வெடிப்பு தெரியுதுன்னு நீதான சொன்ன?"

அப்பா, என் கோபமெல்லாம் அங்கேதான் போய் முட்டுகிறது.

போன வருடம் நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில், கால் கழுவ ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கியதில் உங்கள் பெயர் வந்தது. முப்பது வருடக் கொத்தனார் வேலையில் சிமெண்டு தின்ற கால். ஒரு வாரம் செங்கல் துண்டால் தேய்த்தீர்கள், தேங்காய் எண்ணெய் போட்டீர்கள். வெடிப்பு மூடவில்லை. புதன்கிழமை ஒத்திகையில் உங்களை உட்கார வைத்துக் கேமராவைச் சோதித்தேன். நம் கோயிலில் முதல் நேரலை. படம் சுத்தமாக வரவேண்டும், டிப்ளமோ படித்த மண்டைக்குள் அது ஒன்றுதான். "குளோசப்புல வெடிப்பு அம்புட்டும் தெரியுதுண்ணே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மறுநாள் கோயில்பிள்ளை அண்ணன் உங்கள் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "விடுப்பா, ஒன் படம் நல்லா வரட்டும்." பிறகு அந்த வாசல் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தீர்கள். ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை?

மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். கடைசியாக உங்களைக் குளிப்பாட்டும்போதுதான் அந்தக் காலை முதல் தடவையாகத் தொட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்குக் கிளம்ப நேரம் இருக்கிறது. இனி செய்யப்போவதை எழுதி வைக்கிறேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

1. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை ஃபாதரிடம் போய், உங்கள் பெயர் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்வேன். கோயில்பிள்ளை அண்ணன் பெயருக்கு முன்னால் என் பெயரைச் சொல்வேன்.

2. அடுத்த பெரிய வியாழனன்று வாசலில் வாளி இருந்தால் கேமரா ஓடாது.

3. பசுமலையில் உங்களோடு கட்டட வேலை பார்த்தவர்களில் நாலு பேர் நம் கோயிலுக்கு வருகிறவர்கள். அவர்கள் பெயரையும் சீட்டில் எழுத வைப்பேன். பெயர் வந்தால் வேலையிலிருந்து நேராக வரச் சொல்வேன்.

4. உங்களுக்குச் சித்தாளாகக் கல் சுமந்த அம்மா இப்போது அடுப்படியில் நிற்கிறாள். அவள் காலும் அதே கால்தான். "கிறுக்குப் பயலே, எந்திரிடா," என்பாள். விடமாட்டேன். உட்கார வைத்துக் கழுவுவேன். இரண்டு காலையும்.

கொத்தனார் மகன்,
உங்கள் சேவியர்