நனையாத முன் சக்கரம்

அன்புள்ள டைம் கீப்பர் அம்மையாருக்கு,

உன் பெயிண்டர் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இருப்புத்தான் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்த பிறகு எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. பார்சல் வந்தால் பிரித்துத்தானே ஆகவேண்டும்? அதனால் நீ கேட்ட பிரேக் கட்டைகளோடு இந்தக் கடிதத்தையும் வைத்துக் கட்டுகிறேன்.

முதலில் அந்தப் பிரேக் கட்டையைப் பற்றியே கேட்டுவிடுகிறேன். போன வாரம் போனில், "வந்துட்டேன். கடல் தெரியுது. காத்து ரொம்ப அடிக்குது, அப்புறம் பேசறேன்" என்றாய். நாட்டின் வடக்கு எல்லையிலிருந்து தெற்குக் கடல்வரை ஒற்றை ஆளாகச் சைக்கிள் மிதித்துப் போன என் மனைவி வந்து சேர்ந்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மறுநாளே உன்னிடமிருந்து மெசேஜ்: பிரேக் கட்டை இரண்டு ஜோடி அனுப்பவும், பழைய டின்னில் இருக்கும். பயணம் முடிந்தவளுக்குப் பிரேக் கட்டை எதற்கு? ரயிலில் ஊர் திரும்புகிற யாரும் பிரேக் கட்டை கேட்டு நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு மேலே ஒரு வரவேற்புப் பலகை எழுதி மாட்டியிருந்தேன். நீலத்தில் எழுத்து, வெள்ளையில் கரை. நீ வந்து சேரும் தேதியையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். தேதி வந்தது, நீ வரவில்லை. எதிர் வீட்டுத் தையல்காரர் தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன பெயிண்டரே, ரயில் லேட்டா?" என்கிறார். அவருக்கு எப்போதும் ஊர் வம்பில்தான் காது. நேற்று ஏணி போட்டு ஏறி, தேதியை மட்டும் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு இறங்கினேன். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது.

வேலையிலும் கவனம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தளம் தளமாக வழிகாட்டிப் பலகை எழுதும் வேலை நடக்கிறது என்று சொன்னேனே. வெளியே போகும் வழிக்கு அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். நூல் அடித்து, அளவெடுத்து, அழகாக, தப்பான பக்கம். பகல் முழுக்க, குணமாகி வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு சலவை அறைக்குப் போய் நின்றிருக்கிறார்கள். சலவை அறைக்கார அம்மாள் என்னைத் தேடி வந்து, "உங்க புண்ணியத்துல எனக்கு இன்னைக்கு நல்ல கூட்டம். டோக்கன் போட்டுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் அம்புக்குறியைத் தப்பாகப் போட்டதே இல்லை. உனக்குத் தெரியும்.

பொறுக்க முடியாமல், நீ கொடுத்த லாட்ஜ் விலாசத்தை வைத்து நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். கோபித்துக்கொள்ளாதே, உளவு பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான். லாட்ஜ்காரம்மா நல்ல மாதிரி. "அக்கா நல்லாத்தான் இருக்காங்க. காலைல சைக்கிள எடுத்துக்கிட்டு ரோடு முடியற இடம் வரைக்கும் போறாங்க. அங்கயே கொஞ்ச நேரம் நிக்கிறாங்க, திரும்பிடறாங்க. இவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டு வர்றவங்க எல்லாம் வந்த அன்னைக்கே முன் சக்கரத்தக் கடல்ல நனைச்சு போட்டோ எடுத்துக்குவாங்க. நனைச்சாத்தான் முடிஞ்ச கணக்கு. இவங்க இன்னும் மணல்லயே இறங்கல. நான் எடுத்துத் தரேன்க்கான்னு சொன்னா, நாளைக்குங்கறாங்க" என்றாள். சாயங்காலமானால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒரு குறையும் இல்லாத சங்கிலிக்கு மறுபடி எண்ணெய் போடுகிறாயாம்.

போனை வைத்த பிறகு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷி அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு எங்கேயோ மிதித்துப் போய்விடுவாளோ, தன் இரண்டாவது வீட்டுக்காரரான அந்தச் சைக்கிளே போதும் என்று இருந்துவிடுவாளோ என்றெல்லாம் நினைத்தேன். சிரிக்காதே. வீட்டில் தனியாக இருப்பவனுக்கு என்னவெல்லாமோ தோன்றும்.

அப்புறம்தான் டின்னைத் தேட ஆரம்பித்தேன். நாம் பேசி வைத்தபடி, நீ கடலைத் தொட்டதும் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டு மாடி அறைக்குப் போகவேண்டும் அல்லவா? அவளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாம் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நீ வருவதற்குள் முடித்து உன்னை அசத்திவிடலாம் என்று எல்லாச் சாமானையும் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதவில்லை. ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிறவன் வீட்டுப் பெட்டியில் ஒரு எழுத்து எழுதவில்லை. எப்படி?

ஆகவே டின்னுக்காக ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். பிரித்ததை வைக்க இடம் வேண்டுமே? பாத்திரங்கள் மறுபடி ஷெல்புக்குப் போயின. போர்வைகள் அலமாரிக்குப் போயின. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக நீ உட்கார்ந்திருந்த அந்த மர ஸ்டூல், ஓய்வு பெற்ற அன்று கெஞ்சி வாங்கி வந்தாயே, அது ஜன்னல் ஓரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கடைசிப் பெட்டியின் அடியில் டின் கிடைத்தபோது நிமிர்ந்து பார்த்தால், வீடு வீடாக இருந்தது. மறுபடி கட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வேலையில் இருந்த காலம் முழுக்க, பஸ் பஸ்ஸாக ஊருக்கெல்லாம் வழியனுப்பிவிட்டு நீ மட்டும் அந்த ஸ்டூலில் இருந்தாய். கடைசியில் ஒரு தடவை நீயே கிளம்பினாய். போய்ச் சேர்ந்தால் பரிசு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் தெரியும் ஒரு மாடி அறை. சைக்கிள் வைக்க அங்கே இடம் இல்லை, வித்துடலாம்பா என்று மகள் சொன்னபோது நீ துணி மடித்துக்கொண்டே சரி என்றாய். நீ நிஜமாகச் சரி சொல்லும்போது ஆளை நிமிர்ந்து பார்த்துச் சொல்வாய். அந்தக் கடைசித் துண்டு மணலில் நீ இறங்காமல் நிற்பது எதற்கென்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. நான் மந்தம், என்ன செய்வது.

நேற்று மகளுக்குப் போன் போட்டேன். பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம், குழந்தை தலை நிற்கும் வரை கூடவே இருப்போம், அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்றேன். "ஒத்துக்கிட்டுத்தானேப்பா அம்மா போனாங்க?" என்றாள். "ஒத்துக்கிட்டா. நானும்தான் ஒத்துக்கிட்டேன். ஆனா ரெண்டு பேருமே ஆசைப்பட்டு ஒத்துக்கலம்மா" என்றேன். அவளுக்குக் கோபம். மாப்பிள்ளை பின்னாலிருந்து ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது. பட்டென்று வைத்துவிட்டாள். இன்று காலை அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: அம்மாவுக்கு முட்டி வலி இருக்கா, கேட்டீங்களா? உன்னைப் போலவே அவளுக்கும் சமாதானம் என்றால் வேறு விஷயத்தைப் பேசுவதுதான். ஆகவே கேட்கிறேன், முட்டி எப்படி இருக்கிறது?

வீட்டு ஓனரிடமும் நாங்கள் காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர், "அப்பாடா, புதுசா வர்றவங்க சுவத்துல என்ன கலர் அடிப்பாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன் என்று நீ சண்டை போடுவதானால் நேரில் வந்து போடு. காத்திருக்கிறேன்.

பிரேக் கட்டை இரண்டு ஜோடியும் உள்ளே இருக்கிறது. முன்னதை முதலில் மாற்று, இறக்கத்தில் நீ எப்போதும் முன் பிரேக்கைத்தான் நம்புவாய். ரயிலில் வருவாயோ, வந்த வழியே மிதித்து வருவாயோ, அது உன் இஷ்டம். மிதித்து வந்தால் நாளாகும், ஆகட்டும். பலகையில் தேதியை எழுதாமலே விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி அம்புக்குறியையும் திருத்திவிட்டேன், இப்போது எல்லாரும் ஒழுங்காக வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தப் பார்சல் வந்த பிறகும் நாளைக்கு என்று சொல்லி ரோடு முடியும் இடத்தில் நின்றுவிடாதே. மணலில் இறங்கு. லாட்ஜ்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொள், போட்டோ எடுக்கட்டும். தைரியமாக முன் சக்கரத்தை நனைத்துவிடு. நனைத்தால் போக வேண்டிய இடம் அந்த மாடி அறை இல்லை, நம் வீடுதான். உப்புத் தண்ணீர் இரும்புக்கு ஆகாது, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட மறக்காதே. உன் சைக்கிளுக்கு உள் அறையில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன், என் பெயிண்ட் டப்பாக்கள் வெளியே போய்விட்டன.

நல்லபடியாக வா.

இப்படிக்கு,
சாலையைப் பார்த்தபடி,
உன் முதல் வீட்டுக்காரன்