நான்கு மூலைக் குங்குமம்

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். உங்கள் வீட்டுக்காரர், உங்கள் மகள், பாஸ்டர், வார்டு உறுப்பினர் சரசக்கா, நான். உங்கள் சந்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் வாசல்வரை வந்து நின்றுவிட்டு ஓடினார்கள். ஷிப்மென்ட் நெருக்கடி, கம்பெனியில் ஞாயிறும் வேலை. அவர்களை நான் சேர்க்கவில்லை. நீங்களாக இருந்தால் சேர்த்திருப்பீர்கள், அக்கா.

டீ குடிக்கும்போது சரசக்கா பையிலிருந்து எங்கள் வார்டின் புது வாக்காளர் பட்டியலை எடுத்து என் மடியில் வைத்தார். ஜெராக்ஸ் வாசம் போகாத தாள். அதில் உங்கள் பெயர் இன்னும் இருந்தது. பெயரை நீக்கும் படிவத்தில் உங்கள் வீட்டுக்காரர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

அப்புறம்தான் சரசக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். "இந்தத் தடவ நீதான் நிக்கோணும் கண்ணு. எனக்கு முட்டி முடியறதில்ல. நீ நின்னா எதுத்து ஆரும் மனுக் குடுக்க மாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நிற்பதும் நிற்காததும் அப்புறம். ஐந்து வருடமாக உங்களிடம் மறைத்த ஒன்றை முதலில் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் தெருக்குழாயில் நாங்கள் பிடித்து முடித்த பிறகுதான் லைன் வீட்டுக் குடங்கள் வரிசையில் வரும். ஒருநாள் நீங்கள் நேராக என்னிடம் வந்து, "ஏட்டி, எங்க சந்துக்குக் குழாய் ஏன் இல்லன்னு யார்ட்ட போய்க் கேக்கணும்?" என்றீர்கள். எனக்குக் கேள்வியை விட அந்த 'ஏட்டி'தான் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் சண்டை போட்டால்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவோம். ஒரு மாதத்தில் அந்த ஏட்டியைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுது போகாமல் ஆனது.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கூட்டியவள். அதை உங்களிடம் சொன்ன நாளிலிருந்து எந்த அரசாங்கத் தாள் வந்தாலும் என்னிடம் கொடுத்து, "நீ படி, நான் கேக்கேன்" என்பீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. யாரோ ஒருத்தி தானாகப் படித்து முன்னேறியதைக் கேட்பது உங்களுக்குச் சந்தோஷம்.

வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் நீங்கள் நின்றீர்கள். எதிரில் சரசக்கா. உள்ளூர்க்காரர், சொந்தபந்தம் அதிகம். யார் யார் எந்தப் பக்கம் என்று வீடு வீடாக நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். நூலிழைதான், ஆனால் உங்கள் பக்கம். ஓட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் நீங்கள் சிரித்துக்கொண்டே, "எங்க ஜெபம் நடக்கு. உன் சாமிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வை" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அளவுக்கு மேலே செய்துவிட்டேன்.

காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். குங்குமப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே ஓட்டுப் போடப் போனேன். அட்டை மறைப்புக்குள் உங்கள் பூட்டுச் சின்னத்தில் முத்திரை குத்தினேன். தாளை மடிக்கப் போனபோது கை நின்றது. கல்யாணப் பத்திரிகையோ, வருடக் கணக்கு நோட்டோ, எதையும் நான்கு மூலையிலும் பொட்டு வைக்காமல் நான் எடுத்ததில்லை. இது அதையெல்லாம் விடப் பெரிய காரியமாயிற்றே. பொட்டலத்தைப் பிரித்தேன். விரலை நாக்கில் வைத்தால் எச்சில் ஆகிவிடும் என்று நெற்றி வியர்வையைத் தொட்டு, நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுப் பெட்டியில் போட்டேன். வெளியே வந்தபோது மனசு நிறைந்திருந்தது.

நீங்கள் ஒரு ஓட்டில் தோற்றீர்கள். செல்லாத ஓட்டு ஒன்று என்றார்கள். குங்குமம் வைத்த ஓட்டு என்று பேச்சு வந்தபோதுதான் அது என்னுடையது என்று புரிந்தது.

ஒரு ஓட்டு கூடினால் சமம், சமமானால் திருவுளச்சீட்டு என்று யாரோ சொல்ல, நீங்கள் வழக்குப் போட்டீர்கள். தேதி வரும்போதெல்லாம் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினீர்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு பயணத்தில் முடிவு செய்திருந்தேன். அன்று பார்த்து உங்கள் வக்கீல், அந்த வாக்காளரே வந்து என்னுடையது என்று சொன்னால் வழக்கு அந்த நிமிடமே போய்விடும் என்றார். ஓட்டுப் போட்டது யாரென்று தாளைப் பார்த்துத் தெரியக்கூடாது. குறி வைத்துக்கொள்ளலாம் என்றால், காசு கொடுத்தவன் தன் குறியைத் தேடிப் பார்ப்பான். அதனால்தான் அந்த விதி என்று விளக்கினார். வாயை மூடிக்கொண்டேன். உங்கள் நன்மைக்காக மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீல் வைத்த உறையைப் பிரித்து நீதிபதி அந்தத் தாளைப் பார்த்த அன்று நாம் கடைசி பெஞ்சில் இருந்தோம். கோயிலிலிருந்து வருகிறவர்கள் விரலில் ஒட்டியிருக்கும் என்று நம் வக்கீல் சொல்லிப் பார்த்தார். நான் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மனு தள்ளுபடி ஆனது.

லைன் வீட்டு ஆண்கள் கொதித்தார்கள். ஜட்ஜையே வாங்கிவிட்டார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். நீங்கள் அவரை உட்கார வைத்தீர்கள். "தீர்ப்பப் படிச்சியா? படிக்காம பேசாத" என்றீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்து முழுக்க ஆட்களைக் கூட்டி, தாளை என் கையில் கொடுத்தீர்கள். வழக்கம்போல, நீ படி.

படித்தேன். இரண்டு பக்கம் கம்பீரமாகத்தான் போயிற்று. "நான்கு மூலைகளிலும் சீராக இடப்பட்டிருப்பதால் தற்செயலாக ஒட்டியதாகக் கொள்ள இயலாது" என்ற வரியில் என் குரல் நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காமல் தாளை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரியிலிருந்து கடைசிவரை நீங்களே படித்தீர்கள். அக்கா, நீங்கள் தடுமாறாமல் படித்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். படித்துவிட்டு மடித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னீர்கள்.

"நம்ம ஒத்த ஓட்டுக்காவ ஒரு மனுசன் உக்காந்து எட்டுப் பக்கம் எழுதிருக்காருல்லா. இந்தச் சந்துக்கு எந்த ஆபீசுல இதுவர எட்டு வரி எழுதுனான்?"

மறுநாள் சரசக்கா வீட்டுக்குப் போனீர்கள். நானும் வந்தேன். நாம் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். ஜெயித்தது அவர்தான் என்று கோர்ட்டே சொல்லியாயிற்று, இனித் தண்ணிக்கு அவரிடம்தான் வருவேன் என்றீர்கள். தன் வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சரசக்காவை, பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவரே வாய் திறக்கும்வரை விடவில்லை. கிராம சபையில் போன தடவை எழுதியதை உரக்கப் படித்த பிறகுதான் புதிதாக எழுத வேண்டும் என்று நின்றீர்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்பீர்கள். கிளார்க் உங்களைக் கண்டாலே பேனாவைத் தேடுவார். சந்துக்குக் குழாய் வர இரண்டு வருடம் ஆனது. முதல் குடத்தைச் சரசக்காவைப் பிடிக்கச் சொன்னீர்கள்.

வழக்கு முடிந்த பிறகு என் வாயை எந்தச் சட்டமும் மூடவில்லை. மஞ்சள் காமாலையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பதினோரு நாளும் கஞ்சி கொண்டுவந்தேன். தினமும் சொல்ல நினைத்து, டம்ளரைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். உங்கள் நட்பு போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் காரணம்.

இப்போதும் கிராம சபையில் ஒருவர் முடியாது என்றால், காரணத்தை எழுதித் தாருங்கள் என்று என் வாய் தானாகக் கேட்கிறது. அப்படிக் கேட்பதால்தான் என்னை நிற்கச் சொல்கிறார்கள். அந்த ஓட்டைக் கெடுத்தவள் என்று தெரிந்தால் சொல்வார்களா?

அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கியபோது உங்களுக்குத் தெரியுமா, அக்கா? தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், சந்துக்காரர்கள் முன்னால் இதைச் சொல்லிவிட்டு நிற்கட்டுமா, அல்லது ஒதுங்கிக்கொள்ளட்டுமா? மனுக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.